மகனை ஹாஸ்டலில் அடித்தார்கள், "சாலா ஃபஹாம்" (தவறான புரிதல்) என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பாகான் டாலாம் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நான் பட்டர்வொர்த். பிறையில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். மகனுக்கு 19 வயது, கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா, இரண்டாவது செமஸ்டர். கல்லூரியின் பெயர் வேண்டாம்.

போன வியாழன் இரவு ஹாஸ்டல் கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் இடத்தில் நடந்தது. மெஷின் நின்று அரை மணி நேரமாகியும் யாரும் வரவில்லை. இவன் உள்ளே கிடந்த துணியைக் கூடையில் எடுத்து வைத்துவிட்டுத் தன் துணியைப் போட்டிருக்கிறான். அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். துணிக்காரன் சீனியர். "உன் கை பட்டதை இனி நான் எப்படிப் போடுவது?" என்றிருக்கிறான். அவனோடு இன்னும் இரண்டு பேர். இந்தியர்களை இழிவாகச் சொல்லும் "கெலிங்" என்ற சொல்லைச் சொன்னார்கள், "பாலேக் இந்தியா", இந்தியாவுக்கே திரும்பிப் போ, என்றார்கள். என் மகன், "என் தாத்தாவே கூலிமில் பிறந்தவர், எங்கே போகச் சொல்கிறாய்?" என்று கேட்டிருக்கிறான். அதற்குத்தான் முதல் அடி. உதட்டில் மூன்று தையல். விலாப்பக்கம் உதைத்த இடம் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது.

அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது அறைத்தோழன். அவனும் அடித்தவர்களும் ஒரே இனம். அதனால்தான் எந்த இனம் என்று எழுதவில்லை, தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.

திங்கட்கிழமை கல்லூரியில் கூப்பிட்டார்கள். ஒரு கடிதம் நீட்டினார்கள். மாணவர்களுக்கிடையே "சாலா ஃபஹாம்", இரண்டு தரப்பும் வருந்துகிறது, விஷயம் முடிந்தது என்று. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். "கெலிங்" என்ற சொல்லைப் பற்றிக் கேட்டதற்கு அதிகாரி சொன்னார்: "நீங்கள் பினாங்குக்காரர்தானே? அங்கே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலே இருக்கிறதே, இதில் என்ன இருக்கிறது?" எனக்குப் பதில் வரவில்லை. திரும்பும்போது ஈ.டி.எஸ் ரயிலில் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

போலீஸ் ரிப்போர்ட் செய்தால் பி.டி.பி.டி.என் அரசுக் கல்விக் கடனை நிறுத்திவிடுவார்களா? மகன், "விடுங்கம்மா, இன்னும் ஒன்றரை வருஷம்தானே" என்கிறான்.

பிஜே பழைய ஆள்:

அக்கா, என் கருத்து உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பையனை வெளியே வாடகை அறைக்கு மாற்றுங்கள். 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயா பக்கம் கம்போங் மேடானில் இனக்கலவரம் நடந்தபோது நாங்கள் அங்கேதான் இருந்தோம். ஆறு பேர் செத்தார்கள், பெரும்பாலும் நம் ஆட்கள். வேலைக்குப் போய்த் திரும்பியவர்களைப் பாராங் கத்தியால் வெட்டினார்கள். என் அப்பா ஒரு வாரம் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. ஒரு சின்னச் சண்டை எங்கே போய் நிற்கும் என்று பார்த்தவன் சொல்கிறேன். பையன் உயிரோடு படித்து முடிக்கட்டும்.

முன்னாள் வார்டன், செராஸ்:

தங்கச்சி, கையெழுத்துப் போட வேண்டாம். 18 வருஷம் ஹாஸ்டல் வார்டனாக இருந்தவன் சொல்கிறேன். அந்த "சாலா ஃபஹாம்" என்ற சொல்லை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஈப்போவிலிருந்து வந்த ஒரு பையன். அவன் மெத்தையில் மாட்டிறைச்சிக் குழம்பை ஊற்றி, "கெலிங்" என்று சொல்லி அறைந்தார்கள். மேலிடம் "சாலா ஃபஹாம்" என்று போடச் சொன்னது, போட்டேன். அடுத்த செமஸ்டர் அவன் வரவில்லை. ஓராண்டு கழித்து அதே கும்பல் இன்னொரு பையன்மேல் கை வைத்தது. கோப்பைத் திறந்து பார்த்தால் முன்பு எதுவும் நடந்ததாகவே இல்லை. நான் எழுதியது அப்படி.

பிஜே தம்பியின் பயம் நியாயமான பயம்தான். ஆனால் கம்போங் மேடானுக்கு ஒரு பொது விசாரணைகூட நடக்கவில்லை, தம்பி. செத்தவர்களின் குடும்பங்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டன.

இப்போது சட்டம். இனத்தைச் சொல்லி அடித்தால் அதற்கென்று தனிக் குற்றம் நம் நாட்டில் இல்லை. குற்றவியல் சட்டம் 323-ஆம் பிரிவில்தான் வரும், வேண்டுமென்றே காயப்படுத்துதல். ஓராண்டு வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் பிரிவில் துணை அரசு வழக்கறிஞரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையைத் தொடங்க முடியாது. ரிப்போர்ட்டில் வெறும் "சண்டை" என்று இருந்தால் அவர் மேசையில் அது நூற்றில் ஒன்று. என்ன சொல்லி அடித்தார்கள் என்பது வார்த்தைக்கு வார்த்தை இருந்தால் அவர் படிக்கும் விதமே வேறு. தவிர, பகடிவதைக்கென்று 507B-யில் தொடங்கிப் புதிய பிரிவுகள் 2025 ஜூலை 11 முதல் நடப்பில் உள்ளன. மிரட்டியோ இழிவுபடுத்தியோ பேசி ஒருவரைத் துன்புறுத்துவது அதில் வரும். வார்த்தை பதிவாகாமல் அந்தப் பிரிவை எப்படித் தொடுவார்கள்?

எந்த பாலாயிலும், அதாவது போலீஸ் நிலையத்திலும், ரிப்போர்ட் செய்யலாம். எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும், அது சட்டம். அவசரப்படுத்தினால் உட்கார்ந்தே இருங்கள். மருத்துவப் பரிசோதனைக்குப் போல் 59 பாரம் கேளுங்கள். சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி கல்லூரிக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். பல இடங்களில் சில வாரத்தில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். கல்லூரி அசையாவிட்டால் உயர்கல்வி அமைச்சின் சிஸ்பா தளத்தில் புகார் போடலாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் கோலாலம்பூரிலும் இருக்கிறது, பினாங்கிலும் இருக்கிறது. அடிபட்டவன் புகார் கொடுத்ததற்காகக் கடனை நிறுத்த மாட்டார்கள்.

அப்புறம் அந்தப் பள்ளிவாசல். நான் பிறந்தது ஜார்ஜ் டவுன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். 1801-இல் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் எழுப்பியது அது. கப்பித்தான் என்பது அவர்களின் தலைவருக்கு ஆங்கிலேயர் கொடுத்த பட்டம். அந்தக் காலத்தில் இந்தியக் கரையிலிருந்து வந்தவர்களை "கெலிங்" என்றுதான் அழைத்தார்கள், கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்த சொல் என்பார்கள். அந்தத் தெருவில் சின்ன வயதில் தினமும் நடந்திருக்கிறேன், பெயர்ப்பலகையைப் பார்த்து ஒரு நாளும் வலித்ததில்லை. பள்ளிக்கூடத் திடலில் முதுகுக்குப் பின்னால் அதே சொல் கேட்டபோது பத்து வயதிலேயே எனக்கு வித்தியாசம் தெரிந்தது. அந்த அதிகாரிக்கும் தெரியும். தெரியாமல் இருக்க அவர் ஒன்றும் சிறு பிள்ளை இல்லை.

கெப்போங் மாணவி:

ஆண்ட்டி, தம்பியைத் தனியாக பாலாய்க்கு அனுப்பாதீர்கள். அறைத்தோழன் வருவாரா என்று கேளுங்கள். எங்கள் ஹாஸ்டலில் நடந்தபோது பார்த்தவர்கள் எல்லாரும் அன்றிரவு கூடவே இருந்தார்கள், ஒரு வாரத்தில் ஒருவரும் இல்லை. பரீட்சை வந்துவிட்டது. அதனால் யார் எங்கே நின்றார்கள், மணி என்ன, எல்லாவற்றையும் இப்போதே எழுதி வையுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் மாடியில் ஒரு நைஜீரிய அக்கா இருந்தார். அவர் லிஃப்டில் ஏறினால் நம் தமிழ்ப் பையன்களே மூக்கைப் பொத்துவார்கள், "கறுப்பி" என்று அவருக்குப் புரியாத தமிழில் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு நாள் அவர் தோளில் மைலோ பாக்கெட்டை எறிந்தார்கள். நான் அவரோடு போய்ப் புகார் கொடுத்தேன். தமிழ் மாணவர்களின் புலன (வாட்ஸ்அப்) குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். தம்பிக்கு நடந்ததைப் படித்ததும் எனக்கு அந்த அக்காவின் முகம்தான் வந்தது.

பாகான் டாலாம் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. வார்டன் அண்ணன் எழுதியதை மகனிடம் போனில் வாசித்துக் காட்டினேன். ஈப்போ பையன் கதை வந்ததும் அவன் பேசவில்லை. அப்புறம், "வாங்கம்மா, போகலாம்" என்றான்.

லீவு எடுத்துக்கொண்டு நேற்று போனேன். அறைத்தோழன் நான் கேட்காமலேயே வந்தான். தன் அடையாள அட்டை எண்ணையும் சாட்சியாகச் சேர்க்கச் சொன்னான். அவன் வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம்.

பாலாயில் கார்ப்பரல் நல்லபடியாகத்தான் பேசினார். ஆனால் தட்டச்சு செய்து வாசித்தபோது "பெர்காடு", சண்டை போட்டுக்கொண்டார்கள், என்று இருந்தது. மகன் மெதுவாக, "நான் சண்டை போடவில்லை, டிபுக்குல், என்னை அடித்தார்கள்" என்றான். மாற்றினார். பிறகு அந்தச் சொல்லுக்கு வந்தபோது அவர் கையை எடுத்துவிட்டு, "இதையும் போடணுமா?" என்று கேட்டார்.

"போடுங்கள். அதைச் சொல்லித்தான் அடித்தார்கள்" என்றான். துணியைப் பற்றிச் சொன்னதையும், "பாலேக் இந்தியா" என்றதையும், கூலிம் தாத்தாவையும் சேர்க்கச் சொன்னான். எல்லாம் இருக்கிறது. இரண்டு தடவை வாசித்த பிறகு கையெழுத்துப் போட்டான்.

கல்லூரிக் கடிதம் கையெழுத்தில்லாமல் என் பையில் கிடக்கிறது. நாளைக்கு ரிப்போர்ட் நகலோடு சேர்த்துத் திருப்பிக் கொடுக்கப் போகிறான். நான் இப்போது ஷிஃப்ட்டுக்குக் கிளம்ப வேண்டும். துணை வழக்கறிஞர் தரப்பிலிருந்து ஏதாவது வந்தால் இங்கேயே எழுதுகிறேன். கெப்போங் பிள்ளை, அந்த நைஜீரிய அக்கா இன்னும் அங்கேதான் படிக்கிறாரா?