புதுப்பிப்பு: அப்பாவின் இரண்டு பிரஷர் மாத்திரைகள்

போன மாதம் எழுதியதன் தொடர்ச்சி. ஒரு பெரியாஸ்பத்திரியில் அப்பாவுக்கு டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, வறட்டு இருமல் வருகிறது என்று எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரையை நிறுத்தி, பதிலுக்கு லொசார்டன் கொடுத்தார்கள். அட்டையில் புது மருந்து மட்டுமே இருந்தது. நிறுத்தியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. தலவாக்கலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் பழையதையும் தொடர்ந்து கொடுக்க, மூன்று வாரம் இரண்டையும் விழுங்கியிருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், சிறுநீரகமும் அடிவாங்கும்.

பரிசோதனையில் பொட்டாசியம் 5.6, அது கூடுதல். எனலாப்ரிலை விட்டபின் 4.6, சரியான அளவு. அப்பாடா!

கிளினிக்கில் இளம் டாக்டரிடம், "நிறுத்தின மருந்தையும் காரணத்தையும் ஒரு வரி எழுதித் தாங்க சேர்" என்றேன். சலிக்காமல் எழுதினார். அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது, அதை யார் பார்ப்பது என்பதையும் கேட்டு எழுத வைத்தேன் (அது பிடிக்கவில்லை போல, பரவாயில்லை). தோட்டத்து டாக்டர் ஐயா அதைப் படித்துவிட்டு, "இது இருந்தா நான் ஏன் ஊகிக்கணும்?" என்றார்.

அப்பா அட்டையை இன்னும் சீனி டின்னுக்கு அடியில்தான் வைக்கிறார். படம் என் போனில் இருக்கிறது.