மறு: ப்ரீலோடு, சாக்: எடை கூடிய ஓட்டுநருக்கான சஸ்பென்ஷன் சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

மோட்டார்சைக்கிள் சஸ்பென்ஷன் பற்றி நாம் எழுதப்போகும் கட்டுரைக்குத் தமிழ்ச் சொற்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். குழுவில் வந்த பரிந்துரைகளில், முதலில் எனக்கு உடன்பாடில்லாததை எடுத்துக்கொள்கிறேன். அது ப்ரீலோடு, அதாவது மாட்டும்போதே ஸ்பிரிங்கைக் கொஞ்சம் குறுக்கி வைப்பது, அதற்கான சொல்.

> ப்ரீலோடு = முன்னிறுக்கம். ஸ்பானர் வைத்து இறுக்குகிறோம், ஸ்பிரிங் இறுகுகிறது. எளிய சொல்.

எளிய சொல்தான், ஆனால் பொருள் தப்பு. ஷாக் அப்சார்பரின் மேலே ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் வளையமான காலரைத் திருகினால் ஸ்பிரிங் கெட்டியாவதில்லை. கொஞ்சம் குறுகிய நிலையில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு மி.மீ. அமுக்க 50 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங் என்று வையுங்கள். அதை 10 மி.மீ. குறுக்கி மாட்டினால், அது அசையத் தொடங்கவே 500 நியூட்டன் வேண்டும். அசைந்த பிறகு மி.மீ.க்கு அதே 50தான். எடை கூடியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். காலரை முழுக்கத் திருகிவிட்டு, ‘டைட் பண்ணியாச்சு, இனி தாங்கும்’ என்று கிளம்பிவிடுகிறார்கள். முன்னிறுக்கம் என்று நாமே பெயர் வைத்தால் அந்த நம்பிக்கைக்கு அகராதியில் இடம் கொடுத்தது போலாகும்.

ப்ரீலோடை அப்படியே பெயர்த்த முன்சுமையும் வேண்டாம். நாம் எழுதப்போகும் கட்டுரையில் சுமை என்பது ஓட்டுநரும் அவர் மூட்டையும். ‘முன்சுமையைக் கூட்டுங்கள்’ என்று படித்தவர் டேங்க் மேல் இன்னொரு பையைக் கட்டுவார்.

என் பரிந்துரை முன்குறுக்கம். கழற்றி வைத்த ஸ்பிரிங்கின் நீளம், மாட்டிய பிறகு உள்ள நீளம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் ப்ரீலோடு என்று மி.மீ.யில் சொல்கிறோம். ஸ்கேல் வைத்து அளப்பதை அப்படியே சொல்லும் சொல் இது. இரத்தக்குழாய்க் குறுக்கம் என்று மருத்துவத்தில் வருகிறதே என்றால், வரட்டும், இருவரும் ஒரே பக்கத்தில் சந்திக்கப்போவதில்லை. முன்சுருக்கம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது ஆய்வுக்கட்டுரையின் முதல் பத்தி மாதிரி ஒலிக்கிறது.

அப்புறம் சாக் (sag), அதாவது எடை ஏறும்போது சஸ்பென்ஷன் கொஞ்சம் கீழே இறங்கி நிற்பது. ஷாக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

> தொய்வு என்பதே போதும். கயிறு தொய்கிறது, கம்பி தொய்கிறது, ஸ்பிரிங்கும் தொய்கிறது.

ஐயா, தொய்வு என்றால் குறை. வேலையில் தொய்வு, கம்பியில் தொய்வு, எல்லாமே சரிசெய்ய வேண்டியவை. சஸ்பென்ஷனில் இது இருந்தே ஆக வேண்டியது. வண்டி கொஞ்சம் கீழே இறங்கி நின்றால்தான் பள்ளம் வரும்போது சக்கரம் கீழே போய்த் தரையைத் தொட இடமிருக்கும். தொய்வு என்று எழுதினால், படிப்பவர் அதைப் பூஜ்யமாக்கப் பார்ப்பார்.

இங்கே பெங்களூரு நீலசந்திராவில் ஒரு தர்மபுரிக்காரர் மோட்டார்சைக்கிள் ஷெட் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோலார்ப் பக்கம் மண்ணில் ஓட்டப்போகும் பசங்கள் சனிக்கிழமை மாலை அங்கே கூடுவார்கள். நெடுந்தூர மண்தடப் பந்தயமான டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் இந்த ஊர்க்காரர் என்பதால், 2015க்குப் பிறகு இந்தக் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. சாக்கை அந்த மெக்கானிக் தமிழில் சொல்வது ‘பின்னாடி உட்காருது’. கன்னடக்காரர்களிடம் ‘கூத்கொள்ளுத்தெ’ என்கிறார், அதே உட்காருவதுதான். இதிலிருந்தே பெயர்ச்சொல் எடுக்கலாம் என்று பார்த்தேன். உட்கார்வு நாக்கில் ஒட்டவில்லை. அமர்வு கருத்தரங்குக்குப் போய்விட்டது. அமுக்கம் நன்றாக இருக்கிறது, ஆனால் இலங்கைத் தமிழில் அது அழுத்தம். புயல் செய்தியில் தாழமுக்கம் என்று கேட்டுப் பழகிய நண்பர்கள் நம் குழுவில் இருக்கிறார்கள்.

எனவே அமிழ்வு. பரிசலில் ஆள் ஏறினால் அது கொஞ்சம் அமிழ்ந்து மிதக்கிறது, கனமான ஆள் ஏறினால் கூடுதலாக. அதில் பழுது எதுவும் இல்லை.

இதை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். ஷெட்டில் அளக்கும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே, பக்கவாட்டு பேனலில் டேப் ஒட்டி ஒரு கோடு. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அச்சிலிருந்து கோடு வரை ஓர் அளவு. தரையில் நிறுத்தி, ஆள் இல்லாமல் இன்னொரு அளவு. பிறகு ஓட்டுநர் பூட்ஸ், ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் ஏறி நிற்க, ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது அளவு. முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வண்டி அமிழ்வு, மூன்றாவதைக் கழித்தால் ஆள் அமிழ்வு. சேர்த்து ‘ஆளமிழ்வு’ என்று எழுத வேண்டாம், யாருக்கும் புரியாது.

பின்பக்கம் 300 மி.மீ. அளவுக்கு அசைவு உள்ள மோட்டோகிராஸ் வண்டியில் ஆள் அமிழ்வு 100, 105 மி.மீ. இருக்க வேண்டும், வண்டி அமிழ்வு 30, 40. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 மாதிரி 170 மி.மீ. அசைவுள்ள வண்டியில் ஆள் அமிழ்வு அந்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

கம்பெனியிலிருந்து வரும் ஸ்பிரிங் பொதுவாகச் சுமார் 75 கிலோ ஆளுக்கானது. 100 கிலோ ஆள் ஏறி, ஆள் அமிழ்வு 105க்கு வரும்வரை காலரைத் திருகுகிறார். அளவுகள் உதாரணத்துக்கு 620, 605, 515 என்று வருகின்றன. ஆள் அமிழ்வு சரி. ஆனால் வண்டி அமிழ்வு வெறும் 15. பார்ப்பவர் என்ன நினைப்பார்? வண்டி தன் எடைக்குக்கூட அமிழவில்லை, ஸ்பிரிங் ரொம்பக் கெட்டி என்று. உண்மை நேர்மாறு. ஸ்பிரிங் மெலிது என்பதால்தான் அத்தனை முன்குறுக்கம் தேவைப்பட்டது. அந்த முன்குறுக்கத்தை வண்டியின் எடையால் மட்டும் வெல்ல முடியவில்லை. இதற்கு மருந்து கெட்டியான ஸ்பிரிங்தான். இரண்டு அமிழ்வுக்கும் தனிப் பெயர் இல்லாமல் இந்த ஒரு பத்தியைத் தமிழில் எழுத முடியாது.

ஸ்பிரிங் ரேட்டுக்கு, அதாவது மி.மீ.க்கு இத்தனை நியூட்டன் என்று மேலே சொன்ன அளவுக்கு, புதுச்சொல் வேண்டாம். இயற்பியல் பாடத்தில் சுருள்வில் மாறிலி இருக்கிறது, காலரைத் திருகினாலும் மாறாது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. (போகப் போகக் கெட்டியாகும் ஸ்பிரிங்குகளும் உண்டு. அவற்றுக்கு மாறிலி என்பது இடிக்கும், அதைப் பிறகு பார்ப்போம்.)

டேம்பிங்குக்கு (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது) தணிப்பு, ரீபவுண்டுக்கு (அமுங்கிய ஷாக் திரும்ப நீள்வது) மீள்வு என்று ஏற்கெனவே வந்திருப்பவை எனக்குச் சம்மதம். டேம்பிங்குக்குப் பாடநூல் தரும் ‘தடையுறு’ ஒட்டாமல் நிற்கிறது. கெட்டி ஸ்பிரிங் போட்டவர் மீள்வுத் தணிப்பையும் கூட்ட வேண்டும், ஏனென்றால் அது திரும்பி உதைக்கும் விசை அதிகம். ரீபவுண்டு ஸ்க்ரூவை முழுக்க மூடி, அங்கிருந்து திறக்கும் கிளிக்குகளை எண்ணுவார்கள். கிளிக்கைச் சொடுக்கு என்று எழுதலாமே, மவுஸ்காரர்கள் கோபிக்க மாட்டார்கள். சஸ்பென்ஷன் சஸ்பென்ஷனாகவே இருக்கட்டும். ‘தொங்கல்’ என்று எழுதி அந்த தர்மபுரிக்காரரிடம் காட்ட எனக்குத் தைரியமில்லை.

எனக்குச் சொல் கிடைக்காதது பேக்கிங். மீள்வுத் தணிப்பு அளவுக்கு மீறினால், அடுத்தடுத்த மேடுகளில் ஷாக் முழுக்க நீள்வதற்குள் அடுத்த அடி விழுகிறது. ஒவ்வொரு மேட்டுக்கும் பின்பக்கம் இன்னும் கொஞ்சம் கீழேயே தங்கிப்போகிறது. ‘தேங்கல்’ என்று நினைத்தேன், தண்ணீர் வாடை அடிக்கிறது. ‘ஒடுங்கல்’ என்றால் பின்பக்கம் தானாகவே சுருங்கிப்போவது போல் இருக்கிறது. கோவை நண்பர் மாட்டுவண்டி அச்சு, பட்டா பற்றி எழுதுபவர் ஆயிற்றே, அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் இதற்கு ஏதாவது சொல் புழங்குகிறதா?

அன்புடன்,
அல்சூரிலிருந்து