ஆன்லைன் கேமில் கதையைப் படித்துக்கொண்டே மெதுவாகக் குவெஸ்ட் (பணி) முடிப்பவர்கள் நண்பர்களோடு எப்படிச் சேர்ந்து ஆடுகிறீர்கள்?

மெதுநடை:

ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற ஆன்லைன் கேம் ஆடுகிறேன், இப்போது அதன் முதல் விரிவாக்கமான ஹெவன்ஸ்வர்டு கதையின் நடுவில் இருக்கிறேன். என்னை இதற்குள் கூட்டிவந்த நண்பர்கள் எல்லோரும் கடைசி லெவலைத் தொட்டு ரெய்டு (பெரிய குழுச் சண்டை) பக்கம் போய்விட்டார்கள். வாய்ஸ் சாட்டில் நுழைந்தாலே கதைக் காட்சிகளான கட்சீன்களைப் பற்றி ஒரே பேச்சுதான்: "கட்சீனையெல்லாம் ஸ்கிப் பண்ணிட்டு வா, நிஜமான கேம் கடைசி லெவல்லதான் ஆரம்பிக்குது."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இஷ்கார்ட் நகரத்துக்குள் நுழைந்ததும் அங்கே நின்றிருந்த எல்லோரிடமும் பேசிப் பார்த்தேன், மெயின் ஸ்டோரி கொஞ்சம் நகர்ந்த பிறகு திரும்பப் போனால் அதே ஆட்களில் பலர் வேறு ஏதோ சொல்கிறார்கள், நாம் செய்துவிட்டு வந்த காரியம் அவர்கள் காதுக்கு எட்டியிருக்கிறது. ஓரமாக நிற்கும் காவலாளிக்குக்கூட யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள். இதைத் தாண்டிக் குதித்துவிட்டு எங்கே போவது?

ஆனால் நடைமுறையில் சிக்கல் இருக்கிறது. நான்கு பேர் குழுவாகப் போய்ச் சண்டையிடும் டஞ்சனில் முதல் தடவை கட்சீன் ஓடும்போது மற்ற மூன்று பேரும் முன்னால் போய்விடுகிறார்கள், பார்த்து முடித்துவிட்டு வந்தால் பாதி சண்டை முடிந்திருக்கிறது. சைடு குவெஸ்ட்டையும் விடாமல் செய்வதால் என் லெவல் கதையைவிட எங்கேயோ மேலே போய்விட்டது. அப்புறம் நண்பர்கள். அவர்களை விடவும் மனமில்லை, அவர்கள் வேகத்துக்கு ஓடவும் மனமில்லை. இப்படி ஆடுகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?

வெண்கோல் ஹீலர்:

முதலில் டஞ்சன் விஷயம். உங்களுக்கு ட்யூட்டி சப்போர்ட் என்ற வசதி தெரியுமா? 2022இல் 6.1 பேட்ச்சோடு (அப்டேட்) வந்தது. மெயின் ஸ்டோரியில் வரும் நான்கு பேர் டஞ்சன்களை மனிதர்கள் இல்லாமல் என்பிசிக்களை (கணினி இயக்கும் பாத்திரங்கள்) வைத்தே முடிக்கலாம். கட்சீனை முழுதாகப் பாருங்கள், சுவரில் உள்ள ஓவியத்தைப் பாருங்கள், அவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். எட்டுப் பேர் சேர்ந்து செய்யும் சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு மட்டும் ஆட்கள் வேண்டும்.

ஆட்களோடு போனாலும் தயங்க வேண்டாம். குழுவில் அந்த டஞ்சனை முடிக்காத ஒருவர் இருந்தால் மற்ற எல்லோருக்கும் போனஸ் கிடைக்கிறது, அதாவது நீங்கள் புதியவராக உள்ளே வருவதே அவர்களுக்கு லாபம். நுழைந்தவுடன் "முதல் தடவை, கட்சீன் பார்க்கிறேன்" என்று ஒரு வரி தட்டிவிடுங்கள். நான் குழுவைக் குணப்படுத்தும் ஹீலராகப் போகும்போது யாராவது இப்படிச் சொன்னால், முன்னால் நின்று அடி வாங்கும் டேங்க்கிடம் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன், நிற்காத டேங்க் மிகக் குறைவு.

விளையாட்டை உருவாக்கியவர்களே இதற்காக மெனக்கெட்டார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும். 2013இல் வந்த ரெல்ம் ரீபார்ன் என்ற முதல் கதையின் முடிவில் ப்ரெட்டோரியம் என்று ஒரு டஞ்சன், முன்பு அது எட்டுப் பேருக்கானது. பழையவர்கள் கட்சீனை ஸ்கிப் செய்துவிட்டு ஓட, புதியவர் படம் பார்த்து முடித்து வெளியே வரும்போது பாஸ் (பெரிய எதிரி) செத்துக்கிடப்பான். முதலில் அங்கே கட்சீனை யாரும் ஸ்கிப் செய்ய முடியாதபடி மாற்றினார்கள். பழையவர்கள் புலம்பியும் அதை விலக்கவில்லை. பிறகு அதே 6.1இல் டஞ்சனைப் பிரித்து, டஞ்சனாக மிஞ்சிய பகுதியை நான்கு பேருக்கானதாகத் திருத்தி எழுதினார்கள். கதையைப் பார்க்கிறவர் பின்தங்கக் கூடாது என்பதற்காக அவ்வளவு வேலை.

இரட்டைக் கத்தி:

லெவல் ஏறிப்போனது இந்த விளையாட்டில் பெரிய விஷயம் இல்லை. டஞ்சனுக்குள் போனால் லெவல் தானாகக் குறைத்துக்கொள்ளப்படும். வெளியே சைடு குவெஸ்ட் செய்யும்போது மட்டும் வேறு ஜாபுக்கு (போர்வகை) மாறிக்கொள்ளுங்கள், அந்த எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) அதற்குப் போகும். ஒரு ஜாபை லெவல் ஏற்ற மெயின் ஸ்டோரியே போதும்.

பழைய வரைபடம்:

நான் ஆடுவது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஆனாலும் பிரச்சினை ஒன்றேதான் என்பதால் எழுதுகிறேன்.

2004இல் அது வந்தபோது குவெஸ்ட்டை எங்கே போய் முடிப்பது என்று வரைபடத்தில் புள்ளி போட்டுக் காட்டாது. "ஆற்றைத் தாண்டித் தெற்கே போ, இடிந்த கோபுரம் தெரியும்" என்ற மாதிரி எழுத்தில்தான் வழி இருக்கும். படிக்காமல் முடிக்க முடியாது, இல்லாவிட்டால் வெளியே எங்காவது தேட வேண்டும். எழுத்துகூட மெல்ல மெல்லத்தான் திரையில் தெளியும், அதை உடனே காட்டச் சொல்லித் தனியாக ஒரு டிக் போட வேண்டும். 2009 டிசம்பரில் 3.3 பேட்ச் வந்து வரைபடத்தில் இலக்குகளைக் குறித்துக் காட்ட ஆரம்பித்ததும் படிப்பது கட்டாயம் இல்லாமல் போனது. எத்தனையோ பேருக்கு அது உதவிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் "இதையெல்லாம் யார் படிப்பார்கள்" என்ற பேச்சு அதற்கு அப்புறம்தான் வலுத்தது என்பது என் எண்ணம்.

அதனால் நான் செய்வது இது. வரைபடத்தில் குவெஸ்ட் இலக்குகளைக் காட்டும் வடிகட்டியை அணைத்துவிடுகிறேன், ஓரத்தில் ஓடும் பட்டியலையும் சுருக்கிவிடுகிறேன். உடனே மலை, மலையாகவே தெரிகிறது, சாலையில் நடக்கத் தோன்றுகிறது, கொடுத்தவர் என்ன சொன்னார் என்று திரும்ப எடுத்துப் படிக்கத் தோன்றுகிறது. உங்கள் விளையாட்டில் எதை அணைக்க முடியும் என்று செட்டிங்ஸில் ஒரு தடவை துழாவிப் பாருங்கள். எல்லாவற்றையும் அணைக்க வேண்டியதில்லை, ஒன்றிரண்டே போதும்.

லெவல் வேகமாக ஏறும் தொல்லை எங்களுக்கும் இருந்தது. பத்து கோல்டு கொடுத்தால் எக்ஸ்பி ஏறுவதையே நிறுத்திவைக்கும் என்பிசி 2009 முதல் இருக்கிறார். 2018இல் பகுதிகளே நம் லெவலுக்கு ஏற்ப மாற ஆரம்பித்ததால் ஒரு பகுதியின் கதையை நடுவில் விட்டுவிட்டு ஓட வேண்டிய அவசியம் குறைந்தது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் இதை 2016லேயே செய்துவிட்டது, ஒன் டாம்ரியல் அப்டேட் வந்த பிறகு எந்தப் பகுதியிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். வரிசையைப் பற்றிய கவலையே இல்லாமல் ஆட விரும்புகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

கேடயம்_முன்னே:

நான் டேங்க், கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன்.

மெதுவாக ஆடுவது உங்கள் உரிமை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நான்கு பேர் இருக்கும் இடத்தில் நேரம் நான்கு பேருடையது. சொல்லிவிட்டுப் பார்த்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டோம், சொல்லாமல் பாஸுக்கு முன்னால் நின்றுவிட்டால் தூங்கிவிட்டாரா, நெட் போய்விட்டதா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? வேலை முடிந்து வந்து தூங்குவதற்கு முன் ஒரே ஒரு டஞ்சன் போகிறவர்களும் அதில் இருப்பார்கள்.

இன்னொன்று. மெதுவாக ஆடுவது என்றால் ஒன்றைக்கூட விடாமல் செய்வது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஆடினால் அலுப்பு தட்டும், அந்த அலுப்பில் நல்ல கதையையும் கண்ணை ஓட்டிவிட்டுப் போய்விடுவோம். சாதாரண மஞ்சள் சைடு குவெஸ்ட்டுகளில் கணிசமானவை மூன்று செடி பறி, நான்கு மிருகம் கொல் என்ற வகைதான், அவற்றை மனசாட்சி உறுத்தாமல் விடலாம். நீல நிறத்தில் கூட்டல் குறியோடு இருப்பவை ஏதாவது புதிய வசதியையோ டஞ்சனையோ திறந்துவிடும், ஜாப் குவெஸ்ட்டுகளுக்குத் தனிக் கதை உண்டு. அவற்றை நிதானமாகச் செய்யுங்கள்.

மூடுபனிக் காடு:

அவசரத்துக்கு இன்னொரு காரணம், ஏதாவது கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். அது எல்லா இடத்திலும் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். கில்டு வார்ஸ் 2 என்ற கேமில் லிவிங் வேர்ல்ட் என்ற தொடர்கதையின் முதல் சீசன் அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு பகுதியும் சில வாரம் இருந்துவிட்டுப் போய்விடும், 2014இல் சீசன் முடிந்த பிறகு சேர்ந்தவர்களுக்கு நடுவில் ஒரு பெரிய கதைத்துண்டே இல்லை. யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரியாமல் அடுத்த கதைக்குள் போனார்கள். 2022இல்தான் அதை நிரந்தரமாக ஆடும்படி திரும்பக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது சீசனிலிருந்து அத்தியாயங்கள் தங்கிவிட்டன.

ஆகவே உங்கள் விளையாட்டில் எது உண்மையிலேயே மறையும், எது அங்கேயே இருக்கும் என்று பிரித்துப் பாருங்கள். உங்களுடையதில் மெயின் ஸ்டோரி எங்கும் ஓடிவிடாது. விட்டுப்போன காட்சியை விடுதி அறையில் உள்ள புத்தகத்தில் திரும்பப் பார்க்கலாம், முடித்த கதையை நியூ கேம் பிளஸ்ஸில் மறுபடி ஆடலாம். பண்டிகை நிகழ்ச்சிகள் மட்டும்தான் தேதி பார்த்து வரும், அவை பெரும்பாலும் ஒரு மாலையில் முடிகிற சின்ன குவெஸ்ட்டுகள்.

மாதச் சந்தாவும் நம்மை ஓட வைக்கும். பணம் கட்டியிருக்கிறோமே என்று அவசரப்படுவோம். இன்னும் தொடங்காதவர்கள் யாராவது இதைப் படித்தால், ஃபைனல் ஃபேண்டஸி 14இன் இலவச ட்ரையலுக்குக் கால வரம்பு கிடையாது, 2023 முதல் ஹெவன்ஸ்வர்டுக்கு அடுத்த விரிவாக்கமான ஸ்டார்ம்பிளட் வரை, அதாவது 70ஆம் லெவல் வரை, அதிலேயே போகலாம். கில்டில் (ஆட்டக்காரர் குழு) சேர முடியாது, மார்க்கெட் போர்டு (ஆட்டக்காரர் சந்தை) கிடையாது, கதை படிக்க இரண்டும் தேவையில்லை.

மெதுநடை:

எல்லோருக்கும் நன்றி. ட்யூட்டி சப்போர்ட்டை இதுவரை திறந்தே பார்த்ததில்லை, இன்று முதல் கதை டஞ்சன்களை அதில்தான் போகப் போகிறேன். கேடயம், நீங்கள் சொன்னது நியாயம், ஆட்களோடு போகும்போது சொல்லிவிட்டே பார்ப்பேன். நண்பர்கள் விஷயம் மட்டும் பாக்கி. அவர்களுக்கு என்மேல் கோபம் இல்லை, சேர்ந்து ஆட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

வெண்கோல் ஹீலர்:

அப்படியென்றால் கதைக்கு வெளியே ஏதாவது ஒன்றைச் சேர்ந்து செய்யுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் இன்னும் ரெல்ம் ரீபார்ன் கதையில்தான் இருக்கிறார், வாரத்தில் ஒரு நாள் எல்லோரும் அவரோடு புதையல் வரைபடம் தோண்டவோ, அவர் லெவலுக்கு ஒத்த பழைய டஞ்சனுக்கோ போகிறோம். லெவலைத் தானாகக் குறைக்கும் லெவல் சிங்க் இருப்பதால் எங்களுக்கும் அது சும்மா நடந்துபோகிற சண்டையாக இருப்பதில்லை. மற்ற நாட்களில் அவர் குவெஸ்ட் செய்துகொண்டே வாய்ஸ் சாட்டில் இருப்பார், ஏதாவது பெரிய காட்சி முடிந்ததும் வந்து ஆவேசமாகச் சொல்வார், நாங்கள் அடுத்து என்ன நடக்கும் என்று வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்போம். உங்கள் நண்பர்களிடமும் கதையை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஹெவன்ஸ்வர்டில் இருக்கிறீர்கள், இப்போது அதுதான் முக்கியம்.