அப்பப்பாவின் கல்யாணப் படத்தில் நிற்கும் கார் எது?

கேள்வி

வணக்கம். யாழ்ப்பாணத்தில் எடுக்கப்பட்ட எங்கள் அப்பப்பாவின் கல்யாணப் படமொன்று அண்மையில் பெரியமாமியின் றங்குப்பெட்டியில் கிடைத்தது. படலைக்கு வெளியே பூமாலை கட்டிய ஒரு கார் நிற்கிறது. அதற்குப் பின்னால் ஒரு லொறியின் முகப்பு பாதியளவு தெரிகிறது. அந்தக் காரை வீட்டில் எல்லோரும் "ஏ-போட்டி" என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் நான் தேடிப் பார்த்த ஒஸ்ரின் ஏ40 படங்கள் எதனோடும் இது ஒத்துப்போகவில்லை. முன்கண்ணாடி நடுவில் ஒரு கம்பியால் இரண்டாகப் பிரிந்திருக்கிறது; முகப்பு விளக்குகள் மட்காட்டின் மேல் இல்லாமல், தாழ்வாகக் கிரிலின் இரு பக்கமும் பதிந்திருக்கின்றன. இலக்கத் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள் உள்ளன. முதலாவது "சி" போலத் தெரிகிறது. கல்யாணம் நடந்தது 1954 இலா 1958 இலா என்பதில் வீட்டில் இரு கருத்துகள் நிலவுகின்றன. பதிவுப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. காரை அடையாளம் கண்டால் ஆண்டையும் உறுதிசெய்ய முடியுமா?

மறுமொழி 1

நீங்கள் சொல்வது மொறிஸ் மைனர். ஏ40 என்றால் பொனற் நுனியில் சிறகு விரித்த "ஏ" எழுத்து நிற்கும். மொறிஸில் அலைகளைக் கடக்கும் காளையின் சின்னம் இருக்கும். மைனர் 1948 இல் வெளிவந்தபோது விளக்குகள் நீங்கள் சொல்வதுபோலத் தாழ்வாகவே இருந்தன. அமெரிக்க விதிகளுக்காக அவற்றை முதலில் ஏற்றுமதி வண்டிகளில் மட்காட்டின் மேல் உயர்த்தினார்கள். 1951 அளவில் எல்லா மைனர்களிலும் அப்படியே ஆயிற்று. பிரிந்த முன்கண்ணாடி 1956 வரை நீடித்தது. எனவே உங்களுடையது முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் செய்த வண்டி.

முன் பம்பரையும் உற்றுப் பாருங்கள். வடிவமைப்பாளர் இசிகோனிஸ் கடைசி நேரத்தில் காரை 4 அங்குலம் அகலமாக்கியபோது பம்பர்கள் முன்பே செய்து முடிக்கப்பட்டிருந்தன. ஆகவே அவற்றை நடுவில் வெட்டி, இடையில் ஒரு தகட்டை வைத்துப் பொருத்தினார்கள். அந்த இணைப்பு தெரிந்தால் வண்டி மிக ஆரம்ப காலத்தது. நான் பார்த்த எந்தப் பழைய காரிலும் இவ்வளவு அழகான தடயம் இருந்ததில்லை.

மறுமொழி 2

தகட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இலங்கையில் 1957 இலிருந்து புதிதாகப் பதிந்த வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. அதற்கு முன்பு ஆங்கில எழுத்துகளே. இதை வைத்துப் படம் 1957 இற்கு முந்தியது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பழைய வண்டிகள் பழைய எழுத்துகளுடனேயே தொடர்ந்து ஓடின; இன்றும் அப்படி ஓடுகின்றன. காரும் தகடும் படம் எந்த ஆண்டுக்கு முன் எடுத்திருக்க முடியாது என்பதை மட்டுமே சொல்லும். உங்கள் கார் 1954 இற்கும் பொருந்தும், 1958 இற்கும் பொருந்தும்.

மறுமொழி 3

தம்பி, லொறியைக் கவனியுங்கள். அக்காலத்தில் எங்கள் பக்கம் பெட்போட் லொறிகள் நிறைய ஓடின. மூக்கு முன்னோக்கிக் குவிந்து ஒடுங்கியிருந்தால் அது 1953 வரை வந்த ஓ வகை. முகப்பு அகன்று உருண்டிருந்தால் 1953 முதல் வந்த ஏ வகை. கிரிலின் இரு முனைகளிலும் விளக்குகள் சேர்ந்திருந்தால் 1958 இல் வந்த ஜே வகை. மூலப் படத்தை அங்குலத்துக்கு 1200 புள்ளிகளாவது வரும்படி ஸ்கேன் செய்து, லொறியின் தகட்டையும் பெருப்பித்துப் பாருங்கள். கல்யாணக் காரை இரவல் வாங்கியிருப்பார்கள். அது எத்தனை பழையதாகவும் இருக்கலாம். லொறியோ அன்றாடம் உழைத்த வண்டி.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மிகுந்த நன்றி. பம்பரின் நடுவில் அந்த இணைப்புத் தகடு தெளிவாகத் தெரிகிறது. லொறி ஏ வகை. அதன் தகட்டில் முதல் இலக்கத்துக்கு அடுத்து இருப்பது ஆங்கில எழுத்தல்ல. பெருப்பித்துப் பார்த்தபோது, தூரிகையால் கையால் எழுதிய தமிழ் ஸ்ரீ அது. சிங்கள எழுத்துக்குப் பதிலாகத் தமிழ் ஸ்ரீயைப் பொறித்து ஓடிய எதிர்ப்பின் காலம் அது என்று பெரியமாமி சொன்னார். லொறி அப்பப்பாவின் தமையனாருடையதாம், புகையிலை ஏற்றியதாம். ஆகவே 1954 இல்லை, 1958 தான். படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் ஆண்டை எழுதி வைத்துவிட்டேன்.