ஊர்ப் பக்கத்தை நிறுவனத் தளங்களிலிருந்து சமூக வழங்கிக்கு மாற்றுவது சரியா?

வடலி எழுதியது:

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பெயரில் ஒரு பெரிய சமூக ஊடக நிறுவனத்தின் தளத்தில் நடந்துவந்த பக்கம் கடந்த கார்த்திகையில் முடக்கப்பட்டதை இங்குள்ள பலர் அறிவீர்கள். விதிமீறல் என்று ஒற்றை வரி வந்தது. எந்தப் பதிவு, எந்த விதி என்று சொல்லப்படவில்லை. மேன்முறையீட்டுக்கு இன்றுவரை பதிலும் இல்லை.

திருவிழா அறிவித்தலும் மரண அறிவித்தலும் மட்டும் போயிருந்தால் நான் இந்த விவாதத்தைத் தொடங்கியிருக்க மாட்டேன். எங்கள் பாடசாலையின் பழைய உதைபந்தாட்ட அணியின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று அந்தப் பக்கத்தில் இருந்தது. முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக இருப்பவர் யார் என்று ஒருவர் கேட்க, ரொறன்ரோவிலிருந்து ஒரு பெரியவர் பெயரைச் சொல்ல, லண்டனிலிருந்து இன்னொருவர் "அவர் இல்லை, அவருடைய தம்பி" என்று திருத்த, அப்படியே வளர்ந்து, அந்த வரிசையில் நின்றவர்களில் யார் எந்த இடப்பெயர்வில் எங்கே போனார், யார் திரும்பி வரவேயில்லை என்பது வரை படத்தின் கீழே எழுதப்பட்டிருந்தது. படத்தின் பிரதி நிலையத்தில் இருக்கிறது. கீழே எழுதப்பட்டவை எவரிடமும் இல்லை. எழுதியவர்களில் சிலர் இப்போது உயிருடனும் இல்லை.

ஆகவே என் முன்மொழிவு இது: நிலையத்தின் பெயரில் எங்களுடைய மஸ்டொடொன் வழங்கி (சேர்வர்) ஒன்றை அமைப்போம். 2016இல் ஜேர்மனியைச் சேர்ந்த ஒய்கன் ரொச்கோ வெளியிட்ட இந்தத் திறந்த சமூக ஊடக மென்பொருளை யாரும் இலவசமாக நிறுவி நடத்தலாம். அக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையை 2018இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் தரமாக ஏற்றுக்கொண்டது. அதன்படி இயங்குவதால், ஒரு வழங்கியில் உள்ளவர் வேறு வழங்கியில் உள்ளவரைப் பின்தொடரவும் அவருக்குப் பதில் எழுதவும் முடியும். விளம்பரம் இல்லை. பதிவுகள் நேர வரிசையில் வரும். இறுதிக்கிரியை முடிந்த பிறகு மரண அறிவித்தல் ஒருவர் கண்ணில் படுகிற நிலை அங்கே இராது.

எங்கள் ஊர்களில் வாசிகசாலையை அரசாங்கமோ கம்பனியோ கட்டித் தரவில்லை. ஊர்ச் சனம் காணி கொடுத்து, காசு சேர்த்து, பேப்பர் வாங்கிப் போட்டு, முறை வைத்துத் திறந்து பூட்டியது. வழங்கியையும் அப்படி நடத்தலாம்.

நல்லூரான் எழுதியது:

வடலி அண்ணாவின் கவலை நியாயமானது. அவர் சொல்லும் வழிதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில், சனம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கே மாணவர்களும் கூலி வேலைக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் சமூக ஊடகங்களுக்கென்று தொலைபேசி நிறுவனங்கள் விற்கும் மலிவான டேட்டா பொதிகளையே போடுகிறார்கள். முகநூலும் வட்ஸ்அப்பும் யூடியூப்பும் அந்தப் பொதிக்குள் திறக்கும், எங்கள் ஊர் வழங்கி திறக்காது. அதாவது எங்கள் அறிவித்தலைப் பார்ப்பதற்கே அந்தப் பிள்ளை வேறாகக் காசு கட்ட வேண்டும். சுதந்திரமான தளம் என்று நாம் அமைப்பது, வசதியுள்ளவர்களும் வெளிநாட்டில் உள்ளவர்களும் மட்டும் பார்க்கும் தளமாகிவிடும்.

இரண்டாவது, காசு. வழங்கி வாடகை யூரோவிலோ டொலரிலோ கட்டப்படுவது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டதையும், வங்கி அட்டையால் வெளிநாட்டுக்குப் பணம் கட்ட முடியாமல் நாங்கள் திண்டாடியதையும் மறந்துவிட்டோமா? மஸ்டொடொன் வழங்கி மற்ற வழங்கிகளிலிருந்து வரும் படங்களையும் காணொளிகளையும் தன்னிடம் பிரதி எடுத்து வைக்கிறது. அவற்றை ஒழுங்காகத் துப்புரவு செய்யாவிட்டால் சேமிப்பிடம் மாதத்துக்கு மாதம் கூடும். தொடக்கத்தில் பேசிய வாடகை அப்படியே இராது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிது. சிறிய வழங்கிகள் மூடப்படுகின்றன. மஸ்டொடொன்.லொல் என்ற வழங்கியில் ஆயிரக்கணக்கானோர் கணக்கு வைத்திருந்தார்கள். அதை நடத்திய ஒருவர், தொடர்ந்து வந்த வசைகளைத் தாங்க முடியாமல் 2023இல் அதை மூடினார். கணக்கை வேறு வழங்கிக்கு மாற்றினால் பின்தொடர்வோர் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வாரா. நீங்கள் கவலைப்படும் அந்த உதைபந்தாட்டப் படத்தின் கீழ் எழுதப்பட்டவை அங்கேயும் இதே போல அழிந்திருக்கும். வேறுபாடு என்னவென்றால், ஒரு நிறுவனத்தைக் கோபித்துக்கொள்வதற்குப் பதிலாக எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவனைக் கோபித்துக்கொண்டிருப்போம்.

பண்ணைப்பாலம் எழுதியது:

நான் லண்டனிலிருந்து எழுதுகிறேன். வாடகை ஒரு பிரச்சினையே இல்லை. பழைய மாணவர் சங்கத்தின் இங்குள்ள கிளை ஆண்டுதோறும் அதை ஏற்றுக்கொள்ளும். வழங்கியையும் ஐரோப்பாவிலேயே வைக்கலாம்.

நல்லூரான் எழுதியது:

பண்ணைப்பாலம் அண்ணா, உங்கள் மனம் பெரியது. ஆனால் வாடகை கட்டுகிறவர்களின் கைக்குத்தான் கடைசியில் திறவுகோல் போகும் என்பதை ஊரில் பல கட்டடங்களின் திறப்பு விழாக்களில் கண்டிருக்கிறோம். ஊரில் இருப்பவர்கள் தாங்களே கட்டக்கூடிய தொகைக்குள் ஒரு திட்டம் நிற்காவிட்டால், அதைச் சமூகம் நடத்துகிறது என்று சொல்ல முடியாது.

வடலி எழுதியது:

நல்லூரான் தம்பி சொன்னவற்றில் டேட்டா பொதி பற்றியது மறுக்க முடியாத உண்மை. அதனால்தான் வட்ஸ்அப் குழுக்களை மூடச் சொல்லி நான் எழுதவில்லை. அவசர அறிவித்தல் எல்லா வழியாலும் போகட்டும். மூலப் பதிவு எங்கே இருக்கிறது என்பதே என் கேள்வி.

தனிமனிதர் சோர்ந்துபோனால் வழங்கி மூடப்படும் என்பது தனிமனிதர் நடத்துவதற்கு எதிரான வாதம். சமூகம் நடத்துவதற்கு எதிரான வாதமாக அதை நான் எடுக்கமாட்டேன். சோஷல்.கூப் என்ற மஸ்டொடொன் வழங்கி 2017 முதல் கூட்டுறவாகவே நடக்கிறது; உறுப்பினர்கள் சந்தா கட்டி, முடிவுகளை வாக்கெடுத்து எடுக்கிறார்கள். மூளாயில் கூட்டுறவு முறையில் வைத்தியசாலையே நடத்திய குடாநாட்டுக்கு இது புதிய பாடம் அல்ல. இணையத்திலும் நாங்கள் செய்யாததா? 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்க ஆண்டுகளில் ஈழத்தவர் கொடுத்த உழைப்பு எல்லோரும் அறிந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த மண்ணிலிருந்து, 2005இல் தன்னார்வலர்கள் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கி, அது இன்றும் வளர்கிறது.

இன்னொன்று. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த திகன வன்முறையின் போது முகநூல், வட்ஸ்அப், வைபர் எல்லாம் நாடு முழுவதும் தடுக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னும், அரசுக்கு எதிரான போராட்டங்களின் போது 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அதுவே நடந்தது. பெரிய பெயர்களைப் பட்டியல் போட்டுத் தடுப்பது எளிது. அந்த 2018 வன்முறையின் போது தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. சிங்களமும் தமிழும் விளங்குகிறவர்கள் போதாமல் ஒரு நிறுவனம் எங்கள் பேச்சைக் கண்காணித்தால், வெறுப்பு தங்கிவிடும், நினைவேந்தல் நீக்கப்படும். எங்கள் மொழியை எங்களில் ஒருவர் வாசித்துத் தீர்ப்பதே முறை.

பனங்கூடல் எழுதியது:

கடைசி வரியோடுதான் எனக்குப் பிணக்கு. "எங்களில் ஒருவர்" என்றால் யார்?

மஸ்டொடொனில் ஒருவருக்கு ஒருவர் அனுப்பும் தனிச்செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் வாசிக்கும்படி பூட்டுதல்) செய்யப்படுவதில்லை. வழங்கியின் தரவுத்தளத்தைத் திறக்கக்கூடியவர் அவற்றை வாசிக்க முடியும். பெரிய நிறுவனத்தில் அதைச் செய்யக்கூடியவர் என்னை அறியாத ஒருவர். ஊர் வழங்கியில் அவர் என் அடுத்த வளவுக்காரர், அல்லது என் தகப்பனோடு கோயில் சபையில் இருப்பவர். ஒரு பெண்பிள்ளை தன் வீட்டில் நடப்பதைத் தன் சிநேகிதிக்கு எழுதுகிறாள் என்று வையுங்கள். அந்த எழுத்து யாருடைய கைக்கு எட்டக்கூடாதோ, அவருடைய கையில் திறவுகோலைக் கொடுக்கும்படி எங்களைக் கேட்கிறீர்கள்.

சாதி விடயமும் அப்படியே. யாழ்ப்பாணத்தில் ஒருவரை இழிவுபடுத்துவதற்குச் சாதிப் பெயரைச் சொல்லத் தேவையில்லை. ஊரின் ஒரு பகுதியின் பெயரோ, ஒரு தொழிலைச் சுட்டும் சொல்லோ போதும். வெளியார் அதைப் பிடிக்கமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அதைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் அதை நீக்குவார்கள் என்று எதைக் கொண்டு நம்புவது? வாசிகசாலையை உதாரணம் காட்டினீர்கள் அண்ணா. எந்த வாசிகசாலைக்குள் யார் போகலாம் என்பதற்கும் எங்கள் ஊர்களில் ஒரு வரலாறு உண்டு. நிர்வாக சபைகளில் பெண்கள் எத்தனை பேர் என்பதை அவரவர் ஊரில் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்காக நான் நிறுவனத் தளங்களுக்குச் சார்பாகக் கதைக்கவில்லை. அங்கே என் முறைப்பாட்டைக் கேட்க ஆளே இல்லை. எழுதப்பட்ட விதியும், மாற்றக்கூடிய நிர்வாகமும், விதியை மீறிய நிர்வாகியை நீக்கும் வழியும் இல்லாமல் ஒரு வழங்கியைத் தொடங்குவது எங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்றே சொல்கிறேன்.

நல்லூரான் எழுதியது:

அக்கா சொன்னதற்கு மேலாக ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அது இன்னும் இங்கே பேசப்படவில்லை. முகநூலில் இட்ட நினைவேந்தல் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானவர்கள் வடக்கு கிழக்கில் இருக்கிறார்கள். இப்போது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க, இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. அதன்படி அமையும் ஆணைக்குழு ஒரு பதிவை 24 மணி நேரத்துக்குள் நீக்கும்படி அறிவித்தல் கொடுக்கலாம். பெரிய நிறுவனத்துக்கு அந்த அறிவித்தல் வந்தால் அதன் சட்டத்தரணிகள் பதில் எழுதுவார்கள். எங்களுக்கு வந்தால், விசாரணைக்குக் கூப்பிடப்படுவது இருபத்து மூன்று வயதுப் பெடியன் ஒருவனாக இருப்பான்; அவனுடைய தாய் வாசலில் நிற்பாள். வழங்கி ஐரோப்பாவில் இருந்தாலும் கடவுச்சொல் தெரிந்தவன் இங்கே இருக்கிறான். 2023இல் அமெரிக்காவில் கொலெக்ரிவா என்ற வழங்கியின் நிர்வாகி ஒருவரின் வீட்டை எவ்பிஐ சோதனையிட்ட போது, வழங்கியின் மறையாக்கம் செய்யப்படாத காப்புப் பிரதியும் சேர்ந்து போனது. சோதனை அந்த வழங்கி பற்றியதே அல்ல. அமெரிக்காவிலேயே அப்படியென்றால் இங்கே?

பண்ணைப்பாலம் எழுதியது:

அப்படியானால் நிர்வாகிகள் எல்லோரும் வெளிநாட்டிலேயே இருக்கட்டும்.

பனங்கூடல் எழுதியது:

ஊரைப் பற்றிய பக்கத்தில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்பதை ஊரில் இல்லாதவர்கள் மட்டும் தீர்மானிப்பார்கள் என்றால், இப்போது கலிபோர்னியாவில் தீர்மானிக்கிறார்கள், இனி லண்டன் ஹரோவில் தீர்மானிப்பார்கள். எனக்கு இரண்டும் ஒன்றே.

வடலி எழுதியது:

அக்காவும் தம்பியும் எழுதியதை ஒன்றுக்கு இரண்டு முறை வாசித்தேன். இருவரும் சொல்லும் ஆபத்துகளில் பெரும்பாலானவை ஊர்ச் சனம் கணக்குத் திறந்து தங்களுக்குள் கதைக்கும் இடமாக வழங்கி இருப்பதால் வருபவை. அவர்களுடைய சொந்தக் கதைகளை நாங்கள் பொறுப்பெடுக்கத் தேவையில்லை. தனிச்செய்திக்கு சிக்னல் என்ற மறையாக்கச் செயலி இருக்கிறது.

எங்களுக்குத் தேவைப்படுவது நிலையத்தின் பொது அறிவித்தலும் படங்களும் அவற்றின் கீழான குறிப்புகளும். அதற்கு வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் ஒரு சாதாரண இணையத்தளம் போதும். அதில் அக்டிவிட்டிபப் செருகியை (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளை) போட்டால், உலகின் எந்த மஸ்டொடொன் வழங்கியிலிருந்தும் அந்தத் தளத்தைப் பின்தொடரலாம். அங்கிருந்து எழுதும் பதில்கள் எங்கள் தளத்தில் கருத்துகளாக வந்து சேரும். மற்றவர்களுடைய படங்களைச் சேமித்து வைக்கும் சுமை இல்லை, ஊராருடைய தனிச்செய்தியும் இல்லை. கருத்துகளோடு சேர்த்து முழுத் தளத்தின் பிரதியை எடுத்து, ஊரில் ஒரு வன்தட்டிலும் வெளிநாட்டில் ஒன்றிலும் வைக்கலாம். வட்ஸ்அப் குழுக்களுக்கும் நிறுவனத் தளங்களுக்கும் இங்கிருந்து பிரதி போகட்டும்.

மஸ்டொடொன் வழங்கி என்ற என் முன்மொழிவை இதன்படி மாற்றுகிறேன். நிறுவனத் தளத்தை மட்டும் நம்பியிருக்கலாம் என்பதை இப்போதும் நான் ஏற்கவில்லை.

நல்லூரான் எழுதியது:

இதற்கு நான் எதிர் இல்லை, ஆதரவு என்றும் இப்போது சொல்லமாட்டேன். பதிவின் கீழ் வரும் கருத்துகளுக்கும் சட்டம் பொருந்தும். அவற்றை யார் பார்த்து அனுமதிப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. படத்தோடு குறிப்பைப் பிரதி எடுத்து வைக்கும் வேலை எந்தத் தளத்திலும் செய்யப்பட வேண்டியது என்பதால், அதை இதற்காகக் காத்திராமல் தொடங்கலாம்.

பனங்கூடல் எழுதியது:

கருத்துகளை அனுமதிக்கும் பொறுப்பு மூவரிடம், அதில் இரண்டு பெண்கள், ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் தெரிவு என்று நிலையத்தின் யாப்பில் எழுதுங்கள். அதற்குப் பிறகு என் பெயரையும் கேட்கலாம்.

அதற்கு முன்னர் இன்னொன்று தீர்க்கப்பட வேண்டும். தளத்தின் முகவரிப் பெயர் யாருடைய பெயரில் பதிவாகும்? ஆப்கானிஸ்தானுக்குரிய .af என்ற முகவரிப் பின்னொட்டைப் பயன்படுத்திய ஒரு மஸ்டொடொன் வழங்கி, தாலிபான் நிர்வாகம் அந்தப் பெயரை நிறுத்தியதால் 2024 பெப்ரவரியில் முகவரியையே இழந்தது. அது நாட்டுப் பின்னொட்டால் வந்த வினை. எங்களிடையே பெயரைப் பதிந்தவர் வெளிநாடு போய், அவருடைய அட்டை காலாவதியாகி, புதுப்பிக்கும் அறிவித்தல் அவர் பார்க்காத மின்னஞ்சலுக்குப் போவதாலேயே அது நடக்கும். தனியாள் பெயரில் வேண்டாம். நிலையத்தின் பெயரில், நிலையத்தின் பொது மின்னஞ்சலில், பொருளாளரும் செயலாளரும் சேர்ந்து அணுகக்கூடியதாகப் பதிய முடியுமா என்பதை வடலி அண்ணா அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு முன் விசாரித்து இங்கே எழுதுங்கள்.