புதுப்பிப்பு: கோத்தகிரியில் இருந்தே நீட் தயாரிப்பு

தங்கையின் நீட் தேர்வுக்குக் கோவையில் விடுதியில் தங்கிப் பயிற்சி வகுப்பா, இணைய வகுப்பா, தானே படிப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

கோவை வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். விடுதிக் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்திருந்த அப்பாவும் மறுபேச்சுப் பேசவில்லை. உயிரியலுக்கு வகுப்பே தேவையில்லை என்பது என் கட்சி: 180 கேள்விகளில் 90 அதிலிருந்துதான், என்.சி.இ.ஆர்.டி. (மத்திய பாடத்திட்டப்) புத்தகத்தை வரி விடாமல் படித்தால் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும். படங்களுக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தையும் அவள் விடுவதில்லை. இயற்பியல்தான் இழுபறி. அதற்கு மட்டும் பதிவு செய்த இணைய வகுப்பு வாங்கினோம். நேரலை இங்கே சரிப்படாது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மின்சாரமும் போகும், சிக்னலும் போகும். இரவிலேயே பதிவிறக்கி வைத்துக்கொள்கிறாள்.

ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு, உண்மைத் தேர்வைப் போலவே பிற்பகல் 2 முதல் 5 வரை. ஓ.எம்.ஆர். விடைத்தாளை அச்செடுத்துக் கறுப்புப் பேனாவால் வட்டம் நிரப்புகிறாள். குளிரில் விரல் விறைத்து வட்டம் கோணலாகிறது என்று புலம்பல் வேறு. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு என்பதால், ஊகித்து நிரப்பியவற்றைத் தனியாகக் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண் ஒழுகுவது அங்கேதான்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு தரும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பொதுவாக ஆறாம் வகுப்பு முதலே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இவள் பத்தாம் வகுப்புவரை கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்தவள், எனவே கிடையாது.

வேதியியல் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.