பார்சல் ஏற்றிய ரோல் கேஜில் ஆர்எஃப்ஐடி டேக் படிக்கப்படாமல் விட்டுப்போகிறது, காலி கேஜில் வருகிறது. எங்கே பார்ப்பது?

கேள்வி

அஞ்சல் பிரிப்பு மையத்தில் ரோல் கேஜ்களுக்கு (சக்கரம் வைத்த கம்பிக் கூண்டு) யூஎச்எஃப் ஆர்எஃப்ஐடி டேக் (ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் சில்லு) பொருத்திச் சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது. டாக் கதவில் (லாரியில் ஏற்றி இறக்கும் வாசல்) ஒரு ரீடர், பக்கத்துக்கு இரண்டாக நான்கு சர்க்குலர் (அலை சுழன்று செல்லும்) ஆன்டெனா, கெயின் 6 டிபிஐ. ரீடர் பவர் 30 டிபிஎம் (1 வாட்). கேபிள் எல்எம்ஆர் 195, ஒவ்வொன்றும் 10 மீட்டர். டேக் மெட்டல் வகை (இரும்பின் மேல் பொருத்தவே செய்தது), கேஜின் அடிச்சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் ரிவெட் அடித்திருக்கிறது. செஷன் 2 (பதில் சொன்ன டேக் எவ்வளவு நேரம் மௌனமாக இருக்கும் என்ற அமைப்பு).

காலி கேஜைத் தள்ளினால் தவறாமல் வருகிறது. பார்சல் நிரப்பினால் பாதிக்குப் பாதி விட்டுப்போகிறது. கதவோரம் சும்மா நிற்கும் கேஜும் கடந்துபோனதாகப் பதிவாகிறது. பவரைக் கூட்டிப் பார்த்தால் முதல் தொல்லை தீரவில்லை, இரண்டாவது அதிகமாகிறது. டேக்கை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில் 1

மாற்றுவதற்கு முன் டேட்டாஷீட்டைப் பாருங்கள். இந்தியாவில் நம் பேண்ட் (இதற்கு ஒதுக்கிய அலைவரிசை) 865–868 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 902–928. மெட்டல் டேக்கின் அலைவரிசை குறுகலானது. அமெரிக்க ட்யூனிங்கில் வந்த டேக் இங்கே பக்கத்தில் வைத்தால் படிக்கும், தள்ளிப்போனால் செத்துவிடும். சாதாரண ஸ்டிக்கர் டேக்கை (இன்லே) இரும்பில் ஒட்டவே கூடாது.

கேபிளையும் கவனியுங்கள். எல்எம்ஆர் 195 இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஏறக்குறைய 0.36 டிபி தின்னும். 10 மீட்டரில் 3.6 டிபி போகிறது, அதாவது பவரில் பாதிக்கு மேல். எல்எம்ஆர் 400 போட்டால் இழப்பு 1.3 டிபி சுமாருக்கு இறங்கும். ரீடரை ஆன்டெனா பக்கம் நகர்த்த முடிந்தால் அதைவிட மலிவு.

"வருகிறது, வரவில்லை" என்று மட்டும் குறித்தால் எதுவும் தெரியாது. கேஜை ஓரிடத்தில் நிறுத்தி, ரீடர் பவரை 1 டிபி வீதம் இறக்குங்கள். எந்த டிபிஎம்மில் டேக் மறைகிறதோ அதைக் குறியுங்கள். 28-இல் மறைந்தால் மிச்சம் 2 டிபிதான், அது ஓடும் தளத்தில் நிற்காது. குறைந்தது 6 டிபி மிச்சம் வேண்டும் என்பது என் கணக்கு. நிறுத்தும் இடத்தை 8, 10 சென்டிமீட்டர் நகர்த்தி மறுபடி அளவெடுங்கள். தரையிலும் தூணிலும் பட்டுத் திரும்பும் அலையால் சில இடங்களில் குழி விழும்.

பதில் 2

காலியில் வந்து சுமையில் போகிறது, பவர் கூட்டினாலும் மாறவில்லை என்கிறீர்கள். பார்சலுக்குள் என்ன இருக்கிறது? துணிக்கடைகள் உடைக்கு உடை ஆர்எஃப்ஐடி போடுகின்றன. ஒரு கேஜில் அப்படி நூற்றுக்கணக்கில் இருக்கலாம். உங்கள் ரீடர் அவற்றுக்கெல்லாம் முறை கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கேஜ் கதவைத் தாண்டிவிடும். பவர் கூட்டினால் இன்னும் ஆழத்தில் உள்ள உடைகளும் விழித்துக்கொள்ளும். வடிகட்டாத ரா லாக்கைத் திறந்து, ஈபிசி (டேக்கில் எழுதிய எண்) 30 என்று தொடங்குபவை, அதாவது கடைச் சரக்கின் டேக்குகள், எத்தனை என்று பாருங்கள்.

கேட்டவர்

டேட்டாஷீட்டில் 865–868 என்றே இருக்கிறது. ரா லாக்கில் 30-இல் தொடங்குபவை குவிந்து கிடக்கின்றன. எங்கள் டேக் ஜிஆர்ஏஐ 96 (திரும்பத் திரும்பப் பயன்படும் கேஜ், பெட்டிகளுக்கான எண் முறை), அதனால் 33-இல் தொடங்கும். மென்பொருளில் 33-ஐ மட்டும் எடுக்கும்படி ஏற்கெனவே வைத்திருக்கிறோம்.

பதில் 2

அது படித்து முடித்த பிறகு கழிப்பது. நேரம் அதற்குள் போய்விடுகிறது. ரீடரே செலக்ட் கட்டளை (இந்த எண்ணில் தொடங்கும் டேக் மட்டும் பதில் சொல் என்பது) அனுப்பவேண்டும்: மெமரி பேங்க் 1, தொடக்கம் 32-ஆவது பிட், நீளம் 8 பிட், மாஸ்க் (ஒப்பிடும் எண்) ஹெக்ஸில் 33. அப்புறம் உடை டேக்குகள் வாயே திறக்காது. தொழிற்சாலை எண்ணோடு இன்னும் எழுதாமல் ஓடும் கேஜ் டேக்குகளும் சேர்ந்து மறையும், முதலில் அவற்றை எழுதிப் பூட்டுங்கள்.

செஷன் 2-ஐயும் விடுங்கள். அதில் டேக் ஒருமுறை பதில் சொல்லிவிட்டு, ஆன்டெனாவின் வீச்சில் இருக்கும்வரை மௌனமாகிவிடும். ஒரே ஒரு ரீடிங்கை வைத்து நிற்பதா நகர்வதா என்று சொல்ல முடியாது. செஷன் 0, இரட்டை டார்கெட் (பதில் சொன்ன டேக்கையும் மறுபடி கேட்பது) வையுங்கள். ஒவ்வொரு கேஜுக்கும் பல ரீடிங் வரும். கடந்துபோவதன் ஆர்எஸ்எஸ்ஐ (வரும் சிக்னலின் வலு) ஏறி இறங்கும், நிற்பது பெரும்பாலும் ஒரே மட்டத்தில் கிடக்கும். பதிவுக்கு அந்த ஏற்ற இறக்கத்தையே நிபந்தனையாக்குங்கள்.

பதில் 1

கூடவே டேக்கின் இடத்தையும் மாற்றுங்கள். அடிச்சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் என்றால், கேஜ் திரும்பி வந்ததும் முழுச் சுமையும் டேக்குக்கும் அந்தப் பக்க ஆன்டெனாவுக்கும் நடுவே நிற்கும். எதிர்மூலைத் தூண்கள் இரண்டில், ஆன்டெனா நடுவுயரத்துக்கு, வெளிமுகமாக இரண்டு டேக் போடுங்கள். தொங்கும் சாக்குப்பை மூடாத இடமாக இருக்கட்டும். இரண்டு எண்ணையும் டேட்டாபேஸில் ஒரே கேஜோடு இணைத்துவிடுங்கள்.

சோதனைச் சுமையாக அட்டைப்பெட்டி போதாது. தண்ணீர் பாட்டில் கேஸ், இரும்புச் சாமான், துணிப் பார்சல் மூன்றையும் தனித்தனியே ஏற்றி, நடை வேகத்தில், இரண்டு கேஜ் ஒட்டி ஒட்டிப் போகும்படி தள்ளுங்கள். இப்போது விட்டுப்போவது எந்தச் சுமையில் என்று இங்கே போடுங்கள்.